மலைத்தோட்டப் பிள்ளைகளும் சிறப்புக் கல்வியும்: பெற்றோர் அறிய வேண்டிய சொற்கள்

சிறப்புக் கல்வி என்பது, பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல் ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ தடையுள்ள மாணவர்களுக்கு ஏற்றபடி பாடத்தையும் போதனை முறையையும் வகுப்பறையையும் அமைத்துத் தரும் ஏற்பாடு. மலேசியாவில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், அதாவது சட்டம் 550, இதற்கு இடமளித்திருக்கிறது. எனவே இது பள்ளி மனமிரங்கிச் செய்யும் உதவி இல்லை. அரசு செய்ய வேண்டிய கடமை. ஆனால் அந்தக் கடமை ஒரு பிள்ளையை வந்து சேரும் பாதை முழுவதும் பாரங்களும் கடிதங்களும்தான். பள்ளியின் பாரம் மலாயில் இருக்கும். மருத்துவரின் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் பேசுவது தமிழ். பாரத்தில் குறிக்கப்படும் ஒரு சொல், பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்வான், எந்த மொழியில் படிப்பான், தேர்வில் என்ன வசதி பெறுவான் என்பதையெல்லாம் முடிவு செய்துவிடுகிறது. அந்தச் சொல்லின் பொருள் பெற்றோருக்குத் தெரியாவிட்டால், பிள்ளையின் எதிர்காலம் அவர்கள் கையெழுத்துடன், ஆனால் அவர்கள் அறியாமலே முடிவாகிவிடும்.

இந்த இடைவெளி நகரத்தைவிட மலையில் பெரிது. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் 1929-இல் தொடங்கப்பட்டது. கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்களைச் சுற்றித் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. பிரிஞ்சாங் நகருக்கு வடக்கே, காய்கறிச் சந்தையால் பெயர் பெற்ற கியா பார்ம் அருகே பிரியும் குறுகலான மலைப்பாதை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. மாவட்ட மருத்துவமனையான சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. அங்கு இல்லாத நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கி, பக்கத்து மாநிலமான பேராவின் ஈப்போவுக்குப் போவதுதான் பலருக்கும் எளிது. மாநிலத் தலைநகரான குவாந்தானோ பகாங்கின் மறுகோடியில், கடலோரத்தில் இருக்கிறது. நாட்கூலிக் குடும்பத்துக்கு ஒவ்வொரு மருத்துவப் பயணமும் ஒரு நாள் சம்பள இழப்பு. ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை மலையிறங்க வேண்டியிருந்தால், நான்காவது முறை பலர் போவதில்லை.

சட்டம் சொல்வது

கல்விச் சட்டத்தின் கீழ் முதலில் வந்தவை 1997-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள். பிறர் துணையின்றித் தன்னைக் கவனித்துக்கொள்ளக்கூடிய பிள்ளையே பள்ளிக்கு உரியவர் என்ற பொருளில் அவை அமைந்திருந்தன. அதிக உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் அதனாலேயே பள்ளிக்கு வெளியே நின்றார்கள். 2013-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி ஒழுங்குமுறைகள் அவற்றின் இடத்தில் வந்தன. இப்போது நடப்பில் உள்ள வரையறை அங்கிருந்து வருகிறது. பார்வைத் தடை, செவித் தடை, பேச்சுத் தடை, உடல் தடை, கற்றல் சிக்கல், அல்லது இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதாகச் சான்றளிக்கப்பட்ட மாணவரே 'சிறப்புத் தேவையுடைய மாணவர்'. பள்ளிப் பாரங்களில் இது 'முரிட் பெர்கெபெர்லுவான் காஸ்' என்று இருக்கும். தடைக்கு ஏற்றபடி மருத்துவர், கண்பார்வை நிபுணர், செவித்திறன் நிபுணர், உளவியல் நிபுணர் ஆகியோர் சான்றளிக்கலாம். சான்றளிப்பவர் அரசுப் பணியில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அதன் 28-ஆம் பிரிவின்படி, உடல் அல்லது மனத் தடையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பாலர் பள்ளியிலிருந்து உயர்கல்வி வரை எந்தப் படியிலும் பொதுக் கல்வி முறையிலிருந்து விலக்கக் கூடாது. கட்டடம், கருவி, பாடப்பொருள், போதனை முறை ஆகியவற்றில் 'நியாயமான ஏற்பாடுகள்' செய்து தருவதும் கல்வி தருவோரின் பொறுப்பு. மீறுவோருக்குத் தண்டனை எதையும் இந்தச் சட்டம் விதிக்கவில்லை என்பது அதன் பெரிய பலவீனம். ஆனாலும் பள்ளியிடம் பேசும்போது பெற்றோர் ஊன்றி நிற்கக்கூடிய தரை இதுதான்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை மலேசியா 2010-இல் ஏற்றது. அதன் 24-ஆம் பிரிவு கல்வி பற்றியது. தொடக்கக் கல்வி 2003 முதல் நாட்டில் கட்டாயம். பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 2019-இல் கல்வி அமைச்சு 'சிஃபார் தோலாக்' என்ற கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். 'இந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இடமில்லை' என்று வாசலிலேயே சொல்லி அனுப்பும் வழக்கம் இதோடு முடிந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்லப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்பதும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவதும் பெற்றோரின் உரிமை.

கண்டறிதல், மதிப்பீடு, சான்று

ஒன்றுபோல் ஒலிக்கும் மூன்று படிகளைப் பெற்றோர் பிரித்தறிவது அவசியம். முதலாவது கண்டறிதல். இது ஒரு வடிகட்டல் மட்டுமே. அரசு சுகாதார மருத்துவகங்களில் குழந்தையின் நலப் பதிவேட்டில் வளர்ச்சிப் படிகள் குறிக்கப்படுகின்றன. 18-ஆம் மாதத்தில் 'எம்-சாட்' என்ற கேள்விப் பட்டியல் மூலம் ஆட்டிசத்தின் அறிகுறிகள் உண்டா என்று பெற்றோரிடம் கேட்கிறார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, மற்றவர் செய்வதைப் பார்த்துச் செய்கிறதா என்பவை அதில் உள்ள கேள்விகளின் வகை. பகலில் குழந்தையைப் பார்ப்பவர் பாட்டியோ ஆயாக் கொட்டகைப் பணியாளரோ என்றால், தாய் பதில் சொல்வதற்கு முன் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கண்டறிதலில் ஐயம் எழுந்தால் அது நோய் முடிவு ஆகிவிடாது. மேலே பார்க்க வேண்டும் என்பதற்கான குறிப்பு.

இரண்டாவது மதிப்பீடு. குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், செயல்வழிப் பயிற்சியாளர், உளவியல் நிபுணர் ஆகியோர் தனித்தனியாகவோ சேர்ந்தோ பிள்ளையைப் பார்த்து, எது முடிகிறது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று ஆராய்வது இது. மூன்றாவது சான்றளிப்பு. மதிப்பீட்டின் முடிவைச் சட்டம் கூறும் வகைகளுள் ஒன்றில் எழுதிக் கையெழுத்திடுவது இது. சான்றிதழ் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பல குடும்பங்கள் நினைத்துவிடுகின்றன. உண்மையில் பள்ளிக்கு அதிகம் உதவுவது சான்றிதழில் உள்ள ஒரு வரி அல்ல. மதிப்பீட்டறிக்கையில் உள்ள விவரம். அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருப்பது பின்னால் ஒவ்வொரு ஆண்டும் பயன்படும்.

இந்த மூன்றுக்கும் முன்னால் கண்ணையும் காதையும் சோதிப்பது முதல் கடமை. கரும்பலகை தெரியாத பிள்ளை எழுத்தைத் தப்பும் தவறுமாகப் பெயர்த்தெழுதும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளை ஆசிரியர் சொல்வதில் பாதியைத் தவறவிடும். இரண்டையும் 'கவனமில்லை' என்றோ 'மந்தம்' என்றோ பெயரிட்டு விட்டுவிடுவது, ஒரு மூக்குக் கண்ணாடியோ எளிய சிகிச்சையோ தீர்த்திருக்கக்கூடிய சிக்கலுக்காகப் பிள்ளையின் பள்ளிக்காலத்தையே பறிப்பதாகும்.

'கற்றல் சிக்கல்' என்ற பெரிய குடை

பள்ளிகளில் மிகுதியாகப் புழங்குவதும் மிகுதியாகக் குழப்புவதும் 'மசாலா பெம்பெலாஜாரான்', அதாவது கற்றல் சிக்கல் என்ற சொல்தான். மலேசியாவில் இது ஒரு நோயின் பெயரன்று. ஒரு வகைப்பாட்டின் பெயர். டவுன் நோய்க்குறி, ஆட்டிசம், கவனக்குறைவும் மிகைச் செயற்பாடும், அறிவு வளர்ச்சித் தடை, வாசிப்புத் தடையான டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் தடைகள் ஆகிய அனைத்தும் இந்த ஒரே குடையின் கீழ் வருகின்றன.

மற்ற நாடுகளில் இதே சொல்லின் எல்லை வேறு. அமெரிக்காவில் 1963-இல் சாமுவேல் கிர்க் என்ற கல்வியாளர் இதைப் பரப்பியபோது, அறிவுத்திறன் இயல்பாக இருந்தும் வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தடுமாறும் பிள்ளைகளையே குறித்தார். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 நிலைகளைப் பட்டியலிடுகிறது; அதில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' தனி, அறிவுசார் குறைபாடு தனி. பிரிட்டனில் ஏறத்தாழ இதே சொல் அறிவு வளர்ச்சித் தடையைக் குறிக்கிறது. சென்னையில் வெளியான கையேட்டையோ லண்டனில் எடுத்த காணொளியையோ பார்த்துவிட்டு மலேசியப் பள்ளியின் பாரத்தை வாசிக்கும் தகப்பன், தன் பிள்ளைக்கு இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணி அஞ்சலாம். இருப்பதை இல்லையென்று எண்ணி விட்டுவிடவும் செய்யலாம்.

இந்தப் பெரிய குடையால் வகுப்பறையிலும் சங்கடம் உண்டு. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு வேண்டியது, ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்து, மீண்டும் மீண்டும் பழக்கும் வாசிப்புப் பயிற்சி. மற்ற பாடங்களை அவன் வயதுக்குரிய வேகத்தில் அவனால் கற்க முடியும். டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைக்கு வேண்டியது, சிறு சிறு படிகளாகப் பிரித்த பாடமும் அன்றாட வாழ்க்கைத் திறன் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ முன்கூட்டியே தெரிந்த ஒழுங்கும், படங்கள் வழியான அறிவிப்பும், இரைச்சல் குறைந்த இடமும் வேண்டும். மூவரும் பதிவேட்டில் ஒரே வகையாக இருப்பதால் மூவருக்கும் ஒரே பாடம் போதும் என்று ஆகிவிடக் கூடாது. வகைப்பாடு அரசின் கணக்குக்கு உதவும். கற்பித்தலுக்கு உதவுவது பிள்ளையின் தேவை எது என்ற விவரமே.

மொழித் தடுமாற்றமா, கற்றல் தடையா

தோட்டத்துப் பிள்ளைகள் விஷயத்தில் மிகுந்த கவனத்தோடு கேட்க வேண்டிய கேள்வி இது. தமிழ்ப்பள்ளியில் ஆண்டு ஒன்றில் சேரும் பிள்ளை ஒரே சமயத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளை எழுதப் பழகுகிறது. வீட்டிலும் வாசலிலும் தமிழே கேட்டு வளர்ந்த பிள்ளை மலாய்ச் சோதனையில் பின்தங்கினால், அது புதுமொழியின் தடுமாற்றமாக இருக்கலாம். டிஸ்லெக்சியா அப்படி ஒரு மொழியோடு நிற்பதில்லை. அது தாய்மொழி வாசிப்பிலும் தெரியும். ஆகவே முதலில் தமிழில் சோதிக்காமல் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கற்றல் தடை உண்டென்றோ இல்லையென்றோ முடிவு செய்வது நியாயமாகாது.

தமிழில் சோதிப்பதற்குத் தமிழ் எழுத்தின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிக்கிறது. 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றில் அது இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண ஆகியவற்றுக்கு இடையே ஒலியும் வடிவும் நெருங்கியவை. இவற்றில் தொடக்கத்தில் தடுமாறுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு. வயதுக்கேற்ற பயிற்சி கொடுத்த பின்னும் தடுமாற்றம் நீடிப்பது, தெரிந்த சொல்லையே ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பது, வாய்மொழியாகச் சரியாகச் சொல்லும் பதிலை எழுத்தில் கொண்டுவர முடியாதது ஆகியவை சேர்ந்து தென்பட்டால் கவனிக்க வேண்டும். மலாய்ச் சோதனைப் பட்டியலைத் தமிழில் பெயர்த்து வைத்துக்கொண்டால் இந்த நுட்பங்கள் அதில் அகப்படா. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பல்லாண்டுகளாக இத்துறையில் உழைத்து வருகிறது. அத்தகைய அனுபவத்தை மலேசியத் தமிழ்ப்பள்ளிச் சூழலுக்கு ஏற்ப எடுத்தாள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

இங்கே இன்னொரு சொல்லையும் பிரித்தறிய வேண்டும். பள்ளியில் 'பெமுலிஹான்' எனப்படும் குறைநீக்கல் வகுப்பு சிறப்புக் கல்வி ஆகாது. படித்தல், எழுதுதல், எண்ணுதல் ஆகிய அடிப்படைத் திறன்களை எட்டாத மாணவரை ஆண்டு ஒன்று முதல் மூன்று வரை சிறு குழுவாக எடுத்துப் பயிற்றி, மீண்டும் தன் வகுப்போடு சேர்ப்பதே அதன் நோக்கம். இதற்கு மருத்துவச் சான்று வேண்டியதில்லை. குறைநீக்கல் வகுப்பில் ஓராண்டு போயும் முன்னேற்றம் இல்லையென்றால், மதிப்பீட்டுக்கு அனுப்பும்படி கேட்பது பெற்றோரின் கடமை. இரண்டையும் ஒன்றென எண்ணி, 'பிள்ளை ஏற்கெனவே சிறப்பு வகுப்பில்தானே இருக்கிறான்' என்று ஆறுதலடைவது மூன்று அருமையான ஆண்டுகளைத் தின்றுவிடும்.

மூன்று வகை வகுப்பறைகள்

சான்று பெற்ற பிள்ளைக்கு மூன்று இடங்கள் உண்டு. ஒன்று சிறப்புக் கல்விப் பள்ளி. பார்வை அல்லது செவித் தடையுள்ள பிள்ளைகளுக்கானவை இவற்றில் பெரும்பாலானவை. நாட்டில் சிறப்புக் கல்வி இவற்றில்தான் தொடங்கியது. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926-இல் மலாக்காவில் தோன்றிப் பின்னர் பினாங்குக்கு இடம்பெயர்ந்தது. செவித்திறன் அற்றோருக்கான கூட்டரசுப் பள்ளி 1954-இல் பினாங்கின் தஞ்சோங் பூங்காவில் தொடங்கியது. கற்றல் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் முன்னோட்ட வகுப்பு வந்ததோ 1988-இல்தான்.

இரண்டாவது, வழக்கமான பள்ளி வளாகத்துக்குள்ளேயே தனி வகுப்பாக நடக்கும் ஒருங்கிணைப்புத் திட்டம். 'பிபிகேஐ' என்ற எழுத்துகளால் இது அறியப்படுகிறது. இங்கே பயிற்சி பெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியர்களும், மாணவர் நலனைக் கவனிக்கும் உதவியாளர்களும் இருப்பார்கள். மூன்றாவது உள்ளடக்கக் கல்வி. பிள்ளை மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, தேவையான உதவியோடு அதே பாடத்தைப் படிக்கும். எல்லாப் பாடங்களிலும் சேர்ந்து படித்தால் முழு உள்ளடக்கம்; சில பாடங்களில் மட்டும் என்றால் பகுதி உள்ளடக்கம். ஒருங்கிணைப்பில் பள்ளி பிள்ளைக்குத் தனி இடம் தருகிறது. உள்ளடக்கத்தில் பொது வகுப்பே பிள்ளைக்காகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பேராளர்கள் உள்ளடக்கப் பாதையையே உலகுக்குப் பரிந்துரைத்தார்கள். மலேசியாவின் 2013–2025 கல்விப் பெருந்திட்டமும் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் 75 விழுக்காட்டினர் உள்ளடக்க வகுப்புகளில் இருப்பதையே இலக்காக வைத்தது.

பிள்ளையை ஒரு வகுப்பில் வைப்பது முதல் நாளிலேயே மாற்ற முடியாத முடிவாகிவிடாது. மூன்று மாதத்துக்கு மேற்படாத தகுதிகாண் காலத்துக்கு 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இடமளிக்கின்றன. அந்தக் காலத்தில் பிள்ளை எப்படி இருக்கிறான், எந்த வகுப்பு அவனுக்குப் பொருந்தும் என்பதைப் பள்ளி பார்க்கிறது. வீட்டில் தெரியும் மாற்றங்களைப் பெற்றோர் தேதியோடு குறித்து ஆசிரியரிடம் கொடுத்தால், அந்த முடிவில் அவர்களுக்கும் பங்கு கிடைக்கும்.

தோட்டத் தமிழ்க் குடும்பத்துக்கு இதில் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. ஒருங்கிணைப்பு வகுப்பு உள்ள தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் குறைவு. 150-க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி' எனக் கணக்கிடப்படுகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே தனி வகுப்பு திறக்கப் போதிய பிள்ளைகளும் அறையும் ஆசிரியரும் ஒன்றுசேர்வது அரிது. சிறப்புக் கல்வி வேண்டுமென்றால் மலாய் வழித் தேசியப் பள்ளிக்குப் போ, தமிழ் வேண்டுமென்றால் உதவியில்லாமல் இரு என்ற நிலையில் குடும்பம் நிற்கிறது. பேச்சே தாமதமாக வந்த பிள்ளை, தாயோடு பேசும் ஒரே மொழியைப் பள்ளியில் இழப்பது சிறிய இழப்பன்று. அந்தப் பிள்ளைக்கு வீடும் பள்ளியும் ஒரே சொல்லைச் சொன்னால்தான் அந்தச் சொல் நிலைக்கும். சிறிய பள்ளி என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு முகத்தையும் அறிவார். உள்ளடக்கக் கல்விக்கு இதைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. அங்கே குறைவது பயிற்சியும் துணை ஆளும்தான்.

திட்டமும் ஏற்பாடுகளும்

எந்த வகுப்பில் இருந்தாலும் பிள்ளைக்கென்று எழுதப்படும் தனிநபர் கல்வித் திட்டம், பள்ளி வழக்கில் 'ஆர்பிஐ', எல்லாவற்றுக்கும் அடித்தளம். பிள்ளை இப்போது எந்தப் படியில் இருக்கிறான், அடுத்த சில மாதங்களில் எதை எட்ட வேண்டும், யார் எப்படிக் கற்பிப்பார்கள், எட்டியதை எப்படி அளப்பார்கள் என்பவை அதில் எழுதப்பட வேண்டும். 'வாசிப்பு மேம்பட வேண்டும்' என்ற இலக்கால் யாருக்கும் பயனில்லை. 'ஈரெழுத்துச் சொற்கள் இருபதைத் தானாக வாசிப்பான்' என்பது அளக்கக்கூடிய இலக்கு. திட்டம் வகுக்கும் கூட்டத்தில் பெற்றோர் உட்கார வேண்டும். தமிழில் விளக்கிச் சொல்லும்படி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உதவியில் இரு வகை உண்டு. பாடமும் எதிர்பார்ப்பும் மாறாமல், அடையும் வழியை மட்டும் மாற்றுவது ஏற்பாடு. கூடுதல் நேரம், பெரிய எழுத்து, முன்வரிசை இருக்கை, கேள்வியை வாசித்துச் சொல்பவர், பதிலை எழுதித் தருபவர் ஆகியவை இதில் அடங்கும். அரசுத் தேர்வுகளிலும் தேர்வு வாரியத்திடம் விண்ணப்பித்து இவ்வகை வசதிகளைப் பெறலாம். அதற்கான ஆவணங்கள் தேர்வுக்கு வெகுமுன்பே பள்ளி வழியாகப் போக வேண்டும். பாடத்தின் அளவையோ நிலையையோ குறைத்துத் தருவது மாற்றியமைத்தல். ஏற்பாடு மட்டுமே போதுமான பிள்ளைக்குப் பாடத்தையே குறைத்துக் கொடுத்தால், பின்னாளில் அவன் பொதுத் தேர்வுக்குத் திரும்பும் கதவு அடைபடும். எனவே தன் பிள்ளைக்குத் தரப்படுவது இவற்றுள் எது என்பது ஒவ்வொரு பெற்றோரும் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி.

பார்வை, செவித் தடையுள்ள பிள்ளைகளுக்கு உதவி மொழியோடு பின்னியது. ஆறு புள்ளிகளைக் கொண்டே எல்லா மொழிகளின் பிரெயில் எழுத்துகளும் அமைகின்றன. தமிழுக்கும் பிரெயில் உண்டு. ஆனால் சிறப்புப் பள்ளியில் பிள்ளை முதலில் பழகுவது மலாய்ப் பிரெயில். செவித்திறன் அற்ற பிள்ளை பள்ளியில் கற்பது மலேசியச் சைகை மொழியும் மலாய் எழுத்தும். தாய்க்கு இரண்டும் தெரியாவிட்டால் விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளை பேச ஆளின்றி நிற்கும். அடிப்படைச் சைகைகளைக் குடும்பமே கற்பதுதான் இதற்குத் தீர்வு. அந்தப் பயிற்சியைத் தோட்டத்துக்கே கொண்டுவருவது அதிகச் செலவுள்ள காரியமும் இல்லை.

அட்டை, படி, சமூக மையம்

பள்ளியில் சிறப்புத் தேவை மாணவராகப் பதிவாவதும், சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து 'ஓகேயு' அட்டை பெறுவதும் வெவ்வேறு நடைமுறைகள். இலாகா செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என ஏழு வகைகளில் பதிகிறது. இந்தப் பதிவு விருப்பத்தின் பேரிலானது. அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும், நாளை கல்யாணம் காட்சிக்குத் தடையாகும் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை இகழ்ந்து பயனில்லை; ஊர்ப்பேச்சின் வலி உண்மையானது. ஆயினும் சிகிச்சை, போக்குவரத்து, உதவித்தொகை ஆகியவற்றில் உள்ள சலுகைகளுக்கு அந்த அட்டையே திறவுகோல். பிள்ளை அட்டை பெறுவதால் மாறுவதில்லை. உதவி பெறாததால் பின்தங்குகிறது.

சிறப்புக் கல்வி பெறும் மாணவருக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் படி வழங்குகிறது. பள்ளி வயதுக்கு முன்னும் பின்னும் உதவ, சமூக நல இலாகாவின் ஆதரவில் 'பிடிகே' எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் இயங்குகின்றன. இத்திட்டம் 1984-இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் முன்னோட்டமாகத் தொடங்கியது. நிபுணர்கள் நகரத்தில் இருக்க, குடும்பத்தினரும் உள்ளூர்ப் பணியாளர்களும் பயிற்சி பெற்றுப் பிள்ளையை அதன் சூழலிலேயே முன்னேற்றுவது இதன் கருத்து. சிதறிக் கிடக்கும் மலைத்தோட்டங்களுக்கு இதைவிடப் பொருந்தும் முறை இல்லை.

பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கையையும் பிள்ளையின் தனிநபர் கல்வித் திட்டம் இப்போதே கணக்கில் கொள்ள வேண்டும். இடைநிலைப் பள்ளியில் கைத்தொழில் சார்ந்த சிறப்புப் பிரிவுகள் உண்டு. அரசுத் துறையில் ஒரு விழுக்காட்டுப் பணியிடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் கொள்கையும் நடப்பில் இருக்கிறது. நாற்றங்கால், பூவளர்ப்பு, பொட்டலமிடுதல், சந்தை வணிகம் என்று மலையில் உள்ள தொழில்கள் பலவற்றில், ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் சம்பளத்துக்கு உழைக்க முடியும். பரிதாபத்தின் பேரில் தரும் கைச்செலவுக் காசாக இல்லாமல், மற்றவருக்குரிய கூலியாகவே அது இருக்க வேண்டும்.

மலையில் செய்ய வேண்டியவை

மேற்கண்டவற்றிலிருந்து சில கடமைகள் தெளிவாகின்றன. முதலாவது, நிபுணர் மலையேற வேண்டும். குழந்தை வளர்ச்சி மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் செயல்வழிப் பயிற்சியாளரும் குறிப்பிட்ட நாட்களில் தானா ராத்தா மருத்துவமனைக்கு வந்து, கண்டறிதல் முதல் சான்று வரை ஒரே இடத்தில் முடித்துத் தர வேண்டும். பல குடும்பங்கள் மலையிறங்குவதைவிட ஒரு குழு மலையேறுவது எளிது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி, அதே தொலைவால் வருந்தும் ஓராங் அஸ்லி பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

இரண்டாவது, மாவட்டத்தின் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பொதுவாக, தமிழில் கற்பிக்கத் தெரிந்த சிறப்புக் கல்வி ஆசிரியர்களை நியமிக்க வேண்டும். ஒவ்வொரு சிறிய பள்ளியிலும் தனி வகுப்பு திறக்க முடியாது என்பது நியாயமான காரணம். ஆனால் வாரத்தில் குறித்த நாட்களில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை சுற்றிவந்து, வகுப்பாசிரியரோடு அமர்ந்து தனிநபர் திட்டங்களை வகுத்து நடத்தும் ஆசிரியரை நியமிக்க அந்தக் காரணம் தடையாகாது. பிள்ளை தன் பள்ளியிலேயே, தன் மொழியிலேயே உள்ளடக்கக் கல்வி பெற இதுவே வழி.

மூன்றாவது, தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழில் சோதிக்கும் கருவிகளைக் கல்வி அமைச்சு உருவாக்க வேண்டும். தமிழாசிரியர் பயிற்சியில் அதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும். நான்காவது, பாரங்களுக்கும் திட்டங்களுக்கும் உரிய சொற்களை விளக்கும் தமிழ்க் கையேடு ஒவ்வொரு தோட்டப் பள்ளியிலும் மருத்துவகத்திலும் கிடைக்க வேண்டும். ஐந்தாவது, மதிப்பீட்டு நாளில் பெற்றோருக்குச் சம்பளத்தோடு விடுப்பும், முடிந்தால் வண்டியும் தருவதைத் தோட்ட நிர்வாகங்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பெற்றோரும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். பிறப்புப் பத்திரம், நலப் பதிவேடு, மதிப்பீட்டறிக்கை, சான்றிதழ், தனிநபர் திட்டத்தின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைத்தால், பள்ளியும் ஆசிரியரும் மாறினாலும் பிள்ளையின் வரலாறு தொலையாது. ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: என் பிள்ளைக்கு எது முடியவில்லை, அதற்குப் பள்ளி என்ன செய்கிறது, அடுத்து எப்போது பார்த்து முடிவு செய்வோம்? பதிலைத் தேதியோடு எழுதி வாங்க வேண்டும். சட்டமும் கொள்கையும் ஏற்கெனவே பிள்ளையின் பக்கம் இருக்கின்றன. அவை மலையேறிப் பிள்ளையின் மேசை வரை வர, கேட்கத் தெரிந்த பெற்றோரும் பதில் சொல்லக் கடமைப்பட்ட அரசும் வேண்டும்.